ரீச்சர் எழுதாத கடைசிப் பக்கம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவன் லண்டனில். இரண்டாவது மகள் இங்கே மெல்பேர்னில், ட்ருகனினாவில், என்னோடு இருக்கிறாள். நான்தான் தன்னோடு இருக்கிறேன் என்று அவள் சொல்வாள். மூன்றாவது கனடாவில். கடைசி மகள் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறாள். நான்காவது மகன் இருபத்திரண்டு வயதில் கொழும்புக்குப் போகவென்று பஸ் ஏறினான். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் சேரவில்லை.

இங்கே டொக்டரிடம் முதன்முதல் போனபோது ஒரு படிவம் தந்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்ற இடத்தில் மகள் நாலு என்று நிரப்பினாள். நான் பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டு ஐந்து என்று போட்டேன்.

"அம்மா, இருக்கிற ஆக்களைத்தான் கேக்கினம்" என்றாள்.

"நானும் இருக்கிற ஆக்களைத்தான் போட்டனான்" என்றேன்.



நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ரீச்சர் தன்னுடைய கடைசி நாவலின் முடிவை என் ஒருத்திக்குத்தான் சொன்னார். சொன்னதை அவர் எழுதவில்லை. எழுதாமல் போனதற்குக் காரணம் நான். வருகிற சனிக்கிழமை அவருடைய மகன் சாம்பலையும் கொண்டு இந்தியாவுக்குப் போகிறார். அதற்குள் அந்த முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். எனக்கு அப்படி எழுத வரவில்லை. முன்னும் பின்னும் சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது?

ரீச்சர் ஹிந்திக்காரி. கங்கைக் கரையில் ஒரு ஊர். புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. மாற்றலாகிச் சென்னைக்கு வந்தவர்கள் அங்கேயே முப்பது வருஷம் இருந்துவிட்டார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஹிந்தி படிப்பித்தார்.

"மெட்ராஸ்ல ஹிந்தி டீச்சர்னா எப்படின்னு தெரியுமாக்கா? பல்லு புடுங்குற டாக்டரைப் பாக்குற மாதிரிப் பாப்பாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

படிப்பித்தது சோற்றுக்கு. எழுதியதுதான் அவருடைய வேலை. பத்தொன்பது வயதில் முதல் கதை அச்சில் வந்ததாம். பிறகு கதைகள், மூன்று நாவல்கள், எல்லாம் ஹிந்தியில். சென்னையில் ஒரு குசினி மேசையில் இருந்து எழுதியதை வடக்கே பெரிய பெரிய ஊர்களில் ஆட்கள் வாசித்திருக்கிறார்கள். மறியலில், ஜெயிலில், இருந்து ஒரு ஆள் கடிதம் போட்டானாம், ஒரு கதையில் வருகிற மாமியார் தன் தாயைப் போல இருக்கிறாள், அவளை இன்னும் கொஞ்சம் நல்லவளாக எழுதியிருக்கக் கூடாதா என்று. அதற்கு ரீச்சர் என்ன பதில் போட்டார் என்று கேட்டேன். "உங்கம்மா உங்களைப் பாக்க வந்தா எனக்கு எழுதுங்க, மாத்திடறேன்னு போட்டேன். அவர் மறுபடி எழுதவே இல்லை" என்றார்.

பிறகு பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்று போயின. ஒருமுறை அனுப்பிய கதை உறை பிரிக்காமலே திரும்பி வந்ததாம், அந்த விலாசத்தில் பத்திரிகையே இல்லை என்று. புருஷன் போன பிறகு மகன் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகனுக்கு ட்ருகனினாவிலேயே ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை.

நான் அவரைக் கண்டது எங்கள் வீட்டுத் தெருவுக்குப் பின்னால் உள்ள செயற்கைக் குளத்தடியில். மகளும் மருமகனும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு என்று போன பிறகு நான் அந்தக் குளத்தை மூன்று சுற்றுச் சுற்றுவேன். ஒரு நாள் ஒரு மனுசி வெளிறிய சேலையும் தன் மகனின் குளிர்ச்சட்டையுமாக எனக்கு முன்னால் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு நடந்தார். கையையும் ஆட்டினார். பாவம், தலைக்குச் சரியில்லை என்று நினைத்து விலகிப் போனேன். அவர் திரும்பி என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "தமிழாங்க?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"ஓம்னா பூஜையா, ஆமாவா?"

"ஆமாதான்."

"அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. ஒரு பக்கம் சொல்றேன். கேட்டுட்டு நிக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. எழுதப் போகிற பக்கத்தை முதலில் யாருக்காவது தமிழில் வாயால் சொல்வார். ஹிந்தியில் சொன்னால் சொல்லின் அழகு தன்னையே ஏமாற்றிவிடும் என்பார். ஓட்டைத் தமிழில் சொல்லியும் கதை விழாமல் நின்றால், அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை ஹிந்தியில் எழுதுவார். நிற்கவில்லை என்றால் எழுதமாட்டார். சென்னையில் முப்பது வருஷம் பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி கேட்டுச் சொன்னாளாம். மூன்று நாவலும் அவள் 'நிக்குது' என்று சொன்ன பிறகு எழுதியவைதான். அவளுக்கும் ஹிந்தி தெரியாது.

அன்றைக்கு அவர் சொன்னது ஒரு கிழவன் பல்செட்டைத் தேடுகிற கதை. கேட்டுவிட்டு, "நிக்கேல்லை" என்றேன்.

"ஏன்?"

"பல்லில்லாத ஆள் அவ்வளவு நேரம் வாயைத் திறந்து ஏசாது. வெக்கப்படும்."

ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதையை அவர் எழுதவே இல்லை. என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. என்னைக் கேட்டு ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை இந்த நாட்டில். வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடப் பேத்தி வந்துதான் காட்ட வேண்டியிருந்தது. படித்த ஒரு மனுசி, புத்தகம் போட்டவர், என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து நான் அவரை ரீச்சர் என்றேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், அக்கா என்றார். காலையில் குளத்தைச் சுற்றிக்கொண்டு கதை சொல்வார். மக்பைக் குருவிகள் கூடு கட்டுகிற காலத்தில் தலையைக் கொத்த வரும். அப்போது குடையை விரித்துக்கொண்டு இரண்டு பேரும் அதற்குள் நின்று கதை நடக்கும். காற்று அடித்தால் எங்கள் வீட்டுக் குசினிக்கு வருவார். நான் சமைப்பேன், அவர் கதிரையில் இருந்து சொல்வார். எழுதுவது மகன் வேலையிலிருந்து கொண்டுவரும் கழிவுக் கடதாசியில். முன்பக்கம் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போகிறது என்று அச்சடித்திருக்கும். பின்பக்கம் பென்சிலால் நுணுக்கி நுணுக்கி ஹிந்தி. எழுதி முடித்த கட்டுகளை சிப் வைத்த பாஸ்மதி அரிசிப் பைக்குள் போட்டு வைப்பார். "ஈரம் போகாதுக்கா, எலியும் வராது" என்பார்.

ஒரு நாள் எங்கள் குசினியில் இருக்கும்போது நான் அரிசி அளந்ததைப் பார்த்தார். நான் சுண்டில் அளந்து போட்டுவிட்டு மேலே ஒரு பிடி போடுவேன். எப்போதும் போடுவேன். மகள் அதற்கு நெடுக ஏசுவாள், ஒவ்வொரு நாளும் சோறு மிஞ்சுது அம்மா, குப்பைக்குத்தான் போகுது என்று. நான் கேட்பதில்லை.

"அந்த ஒரு பிடி யாருக்கு?" என்று ரீச்சர் கேட்டார்.

அன்றைக்குத்தான் பஸ் கதையைச் சொன்னேன். அதுவரை இந்த ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகளுக்குத் தெரியும், ஆனால் நாங்கள் கதைப்பதில்லை. சாமி அறையில் என் புருஷனின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. மகனின் படம் சாமி அறையில் இல்லை. முன் ஹோலில், கலியாணப் படங்களோடு, உயிரோடு இருக்கிற ஆட்களோடு இருக்கிறது. அவனுக்குத் திவசமும் இல்லை. எந்த நாளில் கொடுப்பது? அவன் வரும்போது ஐம்பது வயதைத் தாண்டியிருப்பான் என்று ரீச்சரிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு குளத்தடியில் என் முன்னால் வந்து நின்றார். "அக்கா, உங்க பஸ்ஸை நான் எடுத்துக்கலாமா?"

எனக்கு விளங்கிவிட்டது. சொன்னேன்: "எடுங்கோ. ஆனா திருப்பித் தரோணும்."

"தர்றேன்" என்றார்.

அப்படித்தான் அந்தக் கடைசி நாவல் தொடங்கியது. என் பஸ்ஸைத் தன்னுடைய ஊருக்கு ஓட்டிப் போய்விட்டார். கங்கைக் கரையில் ஒரு தாய், ஐந்து பிள்ளைகள், அதில் ஒருவன் பஸ் ஏறுகிறான். ஆனால் அவள் நான் இல்லை. அவள் என்னைவிட நன்றாகச் சண்டை பிடிப்பாள். பஸ் கொம்பனியின் கந்தோருக்குப் போய் வாசலில் அடுப்பு மூட்டிச் சமைப்பாள், என் மகன் ஏறின பஸ் திரும்பி வரும்வரை இங்கேதான் சமையல் என்று. நான் அப்படிச் செய்யவில்லை. நான் பிள்ளையைத் தொலைத்த எல்லோரும் தேடிப் போன இடங்களுக்கு அவர்களோடு போய் வரிசையில் நின்றேன். செய்திருக்க வேண்டும் என்று அதைக் கேட்டபோது தோன்றியது.

மூன்று வருஷம் போனது. ஒவ்வொரு பக்கமும் எனக்குச் சொன்னார். நான் நிக்குது, நிக்கேல்லை என்றேன். நிக்கேல்லை என்றால் அடுத்த நாள் வேறு மாதிரிச் சொல்வார். அரிசிப் பை நிறைந்து இரண்டாவது பை வாங்கினார்.

ஒரு நாள் சொன்னார், "அக்கா, இன்னைக்குக் கடைசிப் பக்கம். உக்காந்து கேளுங்க." குளத்தடி வாங்குப் பலகையில் இருந்தோம். குளிர் காலம், ஆனால் வெயில் இருந்தது. வாத்துகள் கரையேறிப் படுத்திருந்தன.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொன்னார். அவர்கள் பக்கத்தில் வீட்டை விட்டுப் போன ஒருவர் பன்னிரண்டு வருஷம் திரும்பி வராவிட்டால், தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஒரு உருவம் செய்து, செத்தவருக்குச் செய்கிற எல்லாச் சடங்கும் செய்து, அதை எரித்துவிடுவார்களாம். "அதுக்கப்புறம்தான் அந்த வீட்ல அழ முடியும். தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ண முடியும். போனவனுக்கும் ஒரு வழி கிடைக்கும்" என்றார்.

"எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன்.

"தெரியும். இது கதைக்கா."

பிறகு அந்தத் தாய் ஆற்றங்கரையில் புல் பிடுங்குவதைச் சொன்னார். அவள் உருவம் செய்வதை, அதைத் தூக்கிக்கொண்டு போவதை, நெருப்பு வைப்பதை, எல்லாம் சொன்னார். கடைசி வரி என்ன என்றும் சொன்னார். அதை இதற்குள் பிறகு எழுதுகிறேன். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, வழக்கம் போல, "நிக்குதாக்கா?" என்றார்.

அது நின்றது. என் வாழ்க்கையில் நான் கேட்ட எதுவும் அப்படி நின்றதில்லை. எனக்கு அந்தப் புல்லின் மணம் வந்தது. ஆனால் நான் அவரிடம் மகனைக் கொடுத்தது திருப்பித் தருவதற்கு. அவர் எரித்துக் கொண்டுவந்து தருகிறார். நான் ஓம் என்று சொன்னால் நானும் சேர்ந்து எரித்ததாகும்.

"நிக்கேல்லை" என்றேன்.

"ஏன்க்கா?"

ஏன் என்று எப்போதும் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். எந்த இடத்தை விட்டுப் புறப்பட்டாலும் போட்டு வாறன் என்று சொல்லித்தான் போகிறவள் நான், அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. செத்த வீட்டில் இருந்து வருகிற மாதிரி வந்தேன்.

நான்கு நாள் குளத்தடிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். கதவடியில் நின்றபடியே வேறு ஒரு முடிவு சொன்னார். அந்தத் தாயின் மகன் தாடியோடு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் சோறு போடுகிறாள்.

"நிக்குது" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

ரீச்சர் என்னை நெடுநேரம் பார்த்தார். "உங்களுக்கு நிக்குது. கதைக்கு நிக்கலை" என்றார். "பரவால்லை. நீங்க எப்ப நிஜமா சொல்றீங்களோ அப்ப எழுதிக்கிறேன். அது எங்கயும் போகாது."

அது போனது. அடுத்த வருஷம் தொடங்க அவருடைய ஆங்கிலம் போனது. கடையில் நிற்கிற பெண் கேட்டால் சிரித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் அதைப் பகிடி பண்ணினோம், எனக்கு மட்டும் ஆங்கிலம் இருக்கிறதோ என்று. பிறகு ஒரு நாள் தேயிலைக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. கையால் காட்டினார். பிறகு அக்கா என்ற சொல் வரவில்லை. டொக்டர்கள் படம் எடுத்தார்கள். தலைக்குள் மறதி நோய். பிந்திப் படித்தது முந்திப் போகுமாம், கடைசியில் தாய் கதைத்த பாஷை மட்டும் மிஞ்சுமாம். மருமகள் சென்னைப் பிள்ளை, அவளுக்கு ஹிந்தி தெரியாது. பேரப் பிள்ளைகளுக்கும் தெரியாது. மகனுக்குக் கேட்டால் விளங்கும், ஆனால் அவர் கிடங்கில். மூன்று நாவல் எழுதிய பாஷையில் ரீச்சர் பகல் முழுக்கக் கதைத்தார். அந்த வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் நானும் இருந்தேன். எனக்கும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு போவேன். அவர் முகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தமிழ் மிச்சம் இருக்கிற மாதிரித் தெரியும், நாளைக்குச் சொல்லலாம் என்று வருவேன்.

பிறகு அவரை முதியோர் இல்லத்தில் விட்டார்கள். பேத்தி கார் ஓட்டப் பழகியிருந்தாள், அவளோடு போனேன். ரீச்சர் யன்னலடியில் இருந்தார். பென்சில் பிடிக்கிற மாதிரி விரலை வைத்திருந்தார், பென்சில் இல்லை. ஹிந்தியில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி, வட இந்தியப் பிள்ளை, அவருக்குச் சாப்பாடு தீத்த வந்தாள். என்ன சொல்கிறார் என்று அவளிடம் கேள் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பேத்தி எனக்குச் சொன்னாள்.

"அம்மம்மா, புல் ஈரமா இருக்காம். நெருப்புப் பிடிக்குதில்லையாம். அதைத்தான் எல்லா நாளும் சொல்லுறாவாம்."

 அவர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. இவ்வளவு நாளும் நெருப்புப் பெட்டியோடு அங்கேயே நிற்கிறார்.

"அது நிண்டது எண்டு சொல்லச் சொல்லு" என்றேன். "அண்டைக்கு நான் சொன்னது பொய், நிண்டது எண்டு சொல்லச் சொல்லு."

பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பிள்ளை குனிந்து ரீச்சரின் காதடியில் ஹிந்தியில் சொன்னாள். ரீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார், பஸ்ஸில் இடம் விட்ட ஆளுக்கு நன்றி சொல்கிற மாதிரி. என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு யன்னல் பக்கம் திரும்பிப் பழையபடி அதையே சொன்னார்.

காருக்குள் பேத்தி கேட்டாள், "வாட் வாஸ் தட் எபௌட், அம்மம்மா?"

"ஒண்டுமில்லை. றோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

இரண்டு மாதத்தில் ரீச்சர் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகன் இரண்டு அரிசிப் பைகளோடும் வந்தார். இந்தியாவில் ஒரு பதிப்பகக்காரர், ரீச்சரின் பழைய வாசகராம், இந்த நாவலைப் போடுகிறேன் என்கிறார். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியதும் வாசித்துவிட்டுக் கேட்டாராம், தாய் புல் பிடுங்க ஆற்றங்கரைக்குப் போகிற இடத்தோடு நிற்கிறதே, மிச்சம் எங்கே என்று.

"நான் வாசிக்கலை அன்ட்டி" என்றார் மகன். "ஸ்கூல்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்கன்னு நான் தமிழ் எடுத்துட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. ஹிந்தி பேசுவேன். படிக்க உக்காந்தா ஒரு வரிக்கே தலை வலிக்குது. ஊர்ப் பசங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க." அவர் அந்தப் பையின் சிப்பை இழுத்து இழுத்து மூடினார். "அம்மா உங்ககிட்ட முடிவைச் சொல்லியிருப்பாங்களா? தமிழ்ல எழுதிக் குடுங்க. நான் படிச்சு அவங்களுக்குச் சொல்லிடறேன். தெரியலேன்னா அந்தத் தாடி வெச்சவன் வர்ற முடிவு ஒரு துண்டுப் பேப்பர்ல இருக்கு. அதையே போட்டுடலாம்னு சொல்றாங்க."

நான் ஓம் அதையே போடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். என் மகன் வீட்டுக்கு வந்திருப்பான், புத்தகத்திலாவது. அச்சில் வந்துவிட்டால் பிறகு ஒருவராலும் அழிக்க முடியாது. அந்த ஆசை எனக்கு வந்தது. இரண்டு நாள் அந்த ஆசையோடு இருந்தேன். ஆனால் மகன் காட்டிய அந்தத் துண்டுக் கடதாசியில் மேலே குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார் ரீச்சர். எனக்கு ஹிந்தி வாசிக்கத் தெரியாது. கோடு தெரியும்.

அவர் சொன்ன முடிவு இதுதான்.

பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று அந்தத் தாய் ஆற்றங்கரைக்குப் போகிறாள். விடியற்காலை, புல் எல்லாம் பனியில் நனைந்திருக்கிறது. ஐயர் சொன்ன கணக்குக்குப் பிடுங்குகிறாள். உருவத்தை எவ்வளவு நீளம் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. போகும்போது அவன் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அவ்வளவு புல்லுக்கு எங்கே போவது? கடைசியில் அவன் பிறந்த அன்று எவ்வளவு இருந்தானோ அவ்வளவுக்குச் செய்கிறாள், முழங்கையில் இருந்து விரல் நுனி வரைக்கும். துணி சுற்றுகிறாள். ஆட்கள் வந்து தூக்க நிற்கிறார்கள். இது எனக்குப் பாரமில்லை என்று சொல்லிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு தானே நடக்கிறாள்.

நெருப்பு வைத்தால் பிடிக்கவில்லை. புல் ஈரம். ஐயர் நெய் ஊற்றுகிறார். புகை மட்டும் வருகிறது. ஆட்கள் ஆளை ஆள் பார்க்கிறார்கள், பையன் உயிரோடு இருக்கிறானோ, அதுதான் பிடிக்கவில்லையோ என்று ஒருத்தி மெதுவாகச் சொல்கிறாள். அது தாயின் காதில் விழுகிறது. அவள் வீட்டுக்குப் போகலாம், எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவள் போகவில்லை. குந்தியிருந்து, அடுப்பை ஊதுகிற மாதிரி வாயால் ஊதுகிறாள். புகை கண்ணுக்குள் போகிறது. ஊதி ஊதித் தானே அதைப் பற்ற வைக்கிறாள்.

அது எரிந்து முடிய அதிக நேரம் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளிக்கிறாள். மற்றப் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். அரிசிப் பானையைத் திறந்து அளந்து போடுகிறாள். மேலே ஒரு பிடி அள்ளுகிறாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு அந்தப் பிடியைத் திரும்பப் பானைக்குள் போட்டு மூடுகிறாள்.

இதுதான் முடிவு. இதில் என்னுடைய சொல் ஒன்றும் இல்லை. என் குசினியில் இருந்து எடுத்தது அந்தப் பிடி மட்டும்தான்.

எழுதி முடித்துவிட்டு இன்றைக்கு மத்தியானம் சமைக்கப் போனேன். சுண்டில் அளந்து போட்டேன். மேலே ஒரு பிடி அள்ளினேன். திரும்பப் போட முடியவில்லை. புத்தகத்தில் இருக்கிற தாய்க்கு இருந்த துணிவு எனக்கு இல்லை. அரிசியை உலையில் போட்டேன். இன்றைக்கும் சோறு மிஞ்சியது. மகள் ஏசினாள்.  முன் ஹோலில் இருக்கிற படமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரீச்சரின் மகன் வாசிக்கட்டும், ஹிந்திக்காரர் வாசிக்கட்டும், அங்கே அவன் எரிந்துவிட்டான். இங்கே நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. இனி இந்த வயதில் தெரியப் போவதுமில்லை.

ரீச்சர், அது நின்றது. உங்களுக்குக் கேட்கும்படி சொல்ல இனி ஒரு பாஷையும் இல்லை.

பேத்தி பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டாள். குசினி மேசையில் எனக்கு முன்னால் இருந்து பாண் சாப்பிடுகிறாள். என்ன அம்மம்மா இவ்வளவு எழுதியிருக்கிறியள் என்று கேட்கிறாள். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், என்னைவிட வேகமாக வாசிப்பாள். கை கழுவிப்போட்டு வா பிள்ளை. இந்தா கொப்பி. ஆறுதலாக, எனக்குக் கேட்கிற மாதிரி வாசி. நெருப்பு வைக்கிற இடம் வந்தால் நிப்பாட்டாதே, என் முகத்தையும் பார்க்காதே. முதல் வரியில் இருந்து தொடங்கு, எத்தனை பிள்ளைகள் என்று நான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு.